பறக்கும்போது சார்ஜ் தீராமல் இருக்க: முதல் முறை விமானம் ஏறுகிறவர்களுக்கு

அக்கா மகள் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். மெல்பர்னில் படிக்க இடம் கிடைத்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏறி, கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் மாறி, அங்கிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதுவரை விமானத்தில் காலே வைக்காத பிள்ளை. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: "மாமா, லேப்டாப்புக்கும் போனுக்கும் பிளேன்லயே சார்ஜ் போட்டுக்கலாம்தானே? எதுக்கும் இருக்கட்டும்னு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல பெரிய பவர் பேங்க் ஒண்ணு வாங்கிட்டேன். அம்பதாயிரம்!"

அந்த ஐம்பதாயிரம் மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கை விமானத்துக்குள் கொண்டுபோகவே முடியாது என்று சொன்னதும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. போனிலேயே தெரிந்தது. அன்று இரவு அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலை விஷயமாக கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நடுவே பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கிறேன். அதில் பட்ட அடிகளும் இதில் உண்டு.

முன்பெல்லாம் "பெரிய பவர் பேங்க் ஒன்று வைத்துக்கொள்" என்பதோடு யோசனை முடிந்துவிடும். இப்போது அது செல்லாது. தரையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். மேலே கிடைப்பதைக் கூடுதல் வரவாக நினைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

முதலில் பவர் பேங்க் கணக்கு

பவர் பேங்க் பெட்டியில் 10,000, 20,000 என்று பெரிதாகப் போட்டிருப்பது மில்லி ஆம்பியர்-மணி. கடைக்காரர் சொல்வதும் அதைத்தான். விமான நிறுவனம் பார்ப்பது வேறு எண்: வாட்-மணி. பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில், 'டபிள்யூஎச்' என்ற ஆங்கில எழுத்துகளோடு இருக்கும். இல்லையென்றால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-மணி. 3.7 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வோல்ட்.

10,000 என்றால் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. 26,800 என்றால் 99 சொச்சம். 30,000 என்றால் 111. அக்கா மகளுடைய ஐம்பதாயிரம் 185.

விதி இப்படி: 100 வாட்-மணி வரை கேபின் பையில் கேட்காமலே கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டு. 160க்கு மேல் போனால் கேபினிலும் கூடாது, சரக்கு அறையிலும் கூடாது. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் அடிப்படையாக வைத்திருப்பது இதுதான். அதற்கு மேலே ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இறுக்கிக்கொள்ளும். 26,800 என்ற விசித்திரமான எண்ணில் பவர் பேங்க் விற்கிறார்களே, அது 100 என்ற கோட்டைத் தொடாமல் நிறுத்திய எண். பெரிய மடிக்கணினிகளில் பேட்டரி 99 சொச்சத்தோடு நின்றுவிடுவதும் இந்தக் கோட்டுக்குப் பயந்துதான்.

என் சிபாரிசு 10,000 அல்லது 20,000. அதற்கு மேல் வாங்குவது பாரத்துக்கும் தலைவலிக்கும் பணம் கொடுப்பது. எண் தெளிவாக அச்சிடப்பட்டதா என்று கடையிலேயே பாருங்கள். என்னிடம் நாலு வருஷம் உழைத்த ஒரு பவர் பேங்க் இருந்தது. பையில் சாவிக்கொத்தோடு உரசி உரசி முதுகில் இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கைவிளக்கைக்கூட அடித்துப் பார்த்தார். "எண் எங்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டுவிட்டார். அதற்குள் அப்படி ஒரு குவியலே கிடந்தது. இப்போதெல்லாம் புதிதாக வாங்கியதும் அந்த எழுத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுகிறேன்.

சீனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 28 முதல் அந்த நாட்டின் உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. குவாங்சோவில் இறங்கி இன்னொரு ஊருக்கு விமானம் மாறும்போது மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் அருகே கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. தலைக்கு மேலே பை வைக்கும் பெட்டியில் ஆரம்பித்த தீ கூரையையே தின்றுவிட்டது. விமானம் தரையில் நின்றதால் எல்லாரும் இறங்கித் தப்பினார்கள். அங்கே இருந்த ஒரு பவர் பேங்க்தான் காரணமாக இருக்கும் என்று விசாரணையாளர்கள் பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக விதியை மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஏர் ஏசியாவிலும் மலேசியா ஏர்லைன்ஸிலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவோ அதற்குச் சார்ஜ் போடவோ கூடாது. மேல் பெட்டியிலும் வைக்கக் கூடாது. உங்கள் மேலோ, இருக்கைக்கு அடியிலோ, முன்னிருக்கைப் பையிலோ, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் அதே நாளில் பயன்பாட்டுக்குத் தடை போட்டன. துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு: எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றே ஒன்று, 100 வாட்-மணிக்குள், அதையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அதாவது பவர் பேங்கைக் கொண்டுபோகலாம், தொடக் கூடாது. ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும்தான் அது உதவும். இந்த விதிகள் அடிக்கடி இறுகுகின்றன. ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் உங்கள் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிறுவன விமானங்களில் மாறிப் போகிறீர்கள் என்றால் எது கடுமையானதோ அதற்கேற்ப மூட்டை கட்டுங்கள்.

எந்தப் பையில் எது

பவர் பேங்க், தனியாக இருக்கும் கேமரா பேட்டரி, கழற்றி வைத்த மடிக்கணினி பேட்டரி எல்லாம் கேபின் பையில்தான். செக்-இன் பையில் ஒன்றுகூடப் போகக் கூடாது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இல்லை. அங்குள்ள தீயணைப்பு வாயுவால் லித்தியம் பேட்டரி கொதிப்பதை நிறுத்த முடிவதில்லை. கேபினில் என்றால் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க ஆள் இருக்கிறது. மறந்து செக்-இன் பையில் போட்டுவிட்டால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அல்லது பை உங்களோடு வராது.

சார்ஜர், கேபிள், அடாப்டர் இவற்றில் பேட்டரி இல்லை. எந்தப் பையிலும் போகலாம். ஆனால் பறக்கும்போது தேவைப்படும் என்பதால் கேபின் பைக்குள்ளேயே வையுங்கள். மடிக்கணினியைச் செக்-இன் பையில் வைக்கத்தான் வேண்டும் என்றால் முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். மூடி வைத்தால் அது தூங்குகிறதே தவிர அணையவில்லை. உள்ளே சூடாகிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் அப்படி வைக்கவே வேண்டாம்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. ஒருமுறை விமானம் நிறைந்துவிட்டது. வாசலில் நின்ற ஊழியர் என் கேபின் பையை வாங்கி, அட்டை கட்டி, "இதைக் கீழே போட்டுவிடுகிறோம், இறங்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நல்லதாகப் போயிற்று, தூக்கும் வேலை மிச்சம் என்று போய் உட்கார்ந்தேன். பெல்ட் போட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது: பவர் பேங்க் அந்தப் பைக்குள்! பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல, அவர் கீழே தகவல் அனுப்ப, பையைத் தேடி எடுக்க, விமானம் இருபது நிமிஷம் தாமதம். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு தீ பற்றியிருக்கும். அன்றிலிருந்து ஜிப் வைத்த ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன். பவர் பேங்க், ஒரு சார்ஜர், இரண்டு கேபிள், காதுக்கருவி. பெரிய பையை யார் வாங்கினாலும் இந்தச் சின்னப் பையை உருவிக்கொண்டு போய்விடலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தச் சின்னப் பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் விமானங்களில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோதான். கேம் விளையாடும் மடிக்கணினியின் செங்கல் சார்ஜரே ஒரு கிலோவை நெருங்கும். மடிக்கணினி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகுமென்றால், 65 வாட் 'கேன்' (காலியம் நைட்ரைடு) வகைச் சார்ஜர் ஒன்று போதும். உள்ளங்கையில் அடங்கும், இரண்டு மூன்று துளை இருக்கும். மடிக்கணினி, கைப்பேசி, காதுக்கருவி எல்லாவற்றுக்கும் அதுவே போதும். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும் பினாங்கில் பிராங்கின் மாலிலும் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே செருகி, "சார்ஜ் ஆகிறது" என்று திரையில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கேபிளையும் சேர்த்துச் சோதியுங்கள். கைப்பேசியோடு வரும் மெல்லிய டைப்-சி கேபிள் எல்லாம் 65 வாட்டைத் தாங்குவதில்லை.

பிளக் விஷயம்

மலேசியாவில் சதுரக் கால் மூன்று கொண்ட பிளக், 240 வோல்ட். சிங்கப்பூரிலும் இதே பிளக்தான். தமிழ்நாட்டில் உருண்டைக் கால் மூன்று. ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைக் கால்கள். தாய்லாந்தில் இரண்டு கால் பிளக்கே போதும். வோல்ட்டைப் பற்றி மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் கவலையே வேண்டாம். சார்ஜரில் '100-240' என்று போட்டிருக்கும், எங்கும் வேலை செய்யும். பிளக்கின் கால்தான் பிரச்சினை.

தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாக இங்கே வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் சாக்கெட்டில் மேலே உள்ள துளைக்குள் நீளக் கால் போனால்தான் கீழே இரண்டு துளைகளின் கதவும் திறக்கும். குழந்தைகள் விரலை விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இங்கே பல வீடுகளில் பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ மேல் துளையில் குத்தி, இரண்டு கால் பிளக்கைச் செருகுவார்கள். உங்கள் அறை நண்பரும் செய்து காட்டுவார். செய்யாதீர்கள். சில ரிங்கிட்டுக்கு நல்ல அடாப்டர் கிடைக்கிறது. மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், இங்கே சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாமல் இரவெல்லாம் சார்ஜ் ஏறுகிறது என்று நம்பித் தூங்கியவர்கள் உண்டு.

இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு வேறு தொல்லை. கடைகளில் விற்கும் 'உலக அடாப்டர்' பலவற்றிலும் மெல்லிய ஐரோப்பிய உருண்டைக் கால்தான் இருக்கும். இந்திய சாக்கெட்டின் துளை அதைவிடப் பருமன். உள்ளே போகும், ஆனால் ஆடும். சாக்கெட்டுக்குள் சிட்சிட் என்று சத்தம் கேட்கும், சில நேரம் பொறிகூடத் தெரியும். இந்தியாவுக்கென்றே மூன்று பருத்த கால் வைத்த அடாப்டர் வாங்குவது நல்லது. எர்த் இணைப்பும் கிடைக்கும். உலோக உடம்பு மடிக்கணினியை எர்த் இல்லாமல் செருகி, மூடியின் மேல் விரல் முனையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மெல்லிய உப்புத்தாளைத் தடவுவது போல விரல் அதிரும். அது கற்பனை இல்லை, கசியும் மின்சாரம். மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் மடியில் வைத்து வேலை பார்க்க எரிச்சலாக இருக்கும்.

முந்தின இரவு

எல்லாவற்றையும் நூறு சதவீதம் ஏற்றுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகப் பல மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் 80 சதவீதத்தோடு தாமாகவே நிறுத்திக்கொள்ளும். அந்த அமைப்பைப் பயணத்துக்கு முந்தின நாள் மட்டும் அணைத்து வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடைக்கிறது.

பார்க்க வேண்டிய படம், கேட்க வேண்டிய பாட்டு, படிக்க வேண்டிய பாடம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுங்கள். பயணச்சீட்டு, விசா, தங்குமிட முகவரி மூன்றையும் தாளில் ஒரு பிரதி எடுத்துச் சின்னப் பைக்குள் மடித்து வையுங்கள். இது பழைய காலத்து யோசனை என்று அக்கா மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். கைப்பேசி செத்துவிட்டால் போர்டிங் பாஸ் இல்லை, கிராப் வாடகைக் கார் இல்லை, பணம் கட்ட டச் என் கோ செயலி இல்லை, வரவேற்க வருகிறவரின் நம்பரும் இல்லை. மடிக்கணினி அணைந்தால் வேலைதான் கெடும். கைப்பேசி அணைந்தால் விமான நிலைய வாசலில் அநாதை. ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் சார்ஜ் மிச்சம் என்றால் கைப்பேசிக்கே முதல் உரிமை.

விமான நிலையத்தில்

கேஎல்ஐஏவில் இரண்டு முனையங்கள், தனித்தனிக் கட்டடம். எது உங்களுடையது என்று வீட்டிலேயே பாருங்கள். தவறான இடத்தில் இறங்கிவிட்டால் ரயிலில் மூன்று நிமிஷத்தில் மாறிக்கொள்ளலாம், ஆனால் சாவகாசமாகச் சார்ஜ் போட வைத்திருந்த நேரம் போய்விடும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் முதல் முனையத்துக்கு 28 நிமிஷம்.

பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியை வெளியே எடுக்கச் சொல்வார்கள். சென்னையில் மடிக்கணினியோடு பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் தட்டில் போடச் சொல்வார்கள். ஒயர் சுருண்டு கிடக்கும் பையை எக்ஸ்ரேயில் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சின்னப் பையை அப்படியே எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். பின்னால் நிற்பவரின் பெருமூச்சு மிச்சம். சில நாடுகளுக்குப் போகும்போது சாதனத்தைப் போட்டுக் காட்டச் சொல்வதும் உண்டு. செத்துப்போன மடிக்கணினியோடு நின்றால் பதில் சொல்வது சிரமம்.

உள்ளே போனதும் பசியாற உட்காருமுன் சார்ஜ் போட இடம் பாருங்கள். கேட்டுக்குப் பக்கத்து இருக்கைகளில் சாக்கெட் இருந்தாலும் அங்கே ஏற்கெனவே நாலு பேர் ஒயரோடு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று கேட் தள்ளி, விமானம் எதுவும் புறப்படாத பக்கமாக நடந்தால் காலியாகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து, அறிவிப்புப் பலகையை மட்டும் கண்காணியுங்கள். கேட் எண் மாறும். சுவரில் நேராக யுஎஸ்பி துளை இருந்தாலும் நான் அதில் கேபிளைச் செருகுவதில்லை, என் சார்ஜரைத்தான் சாக்கெட்டில் போடுகிறேன். வேகமாக ஏறும். யார் எதை அந்தத் துளைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களோ என்ற கவலையும் இல்லை.

பவர் பேங்கைப் பயன்படுத்த வேண்டிய நேரமும் இதுதான். சாக்கெட்டில் மடிக்கணினி, பவர் பேங்கில் கைப்பேசி. கேட் திறக்கும்போது இரண்டும் நிறைந்திருக்க வேண்டும். பவர் பேங்கைக் கழற்றிச் சின்னப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரம்தான். ஏறி, பெல்ட் போட்டு, தண்ணீர் குடித்து இறங்குவதற்குள் முடிந்துவிடும். அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். பாயான் லெப்பாஸில் காத்திருக்கும் நேரத்தில் ஜன்னல் வழியே அந்த ஊர்த் தொழிற்பேட்டைப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் போட்டது அங்கேதான். உங்கள் மடிக்கணினியின் சிப் உங்களுக்கு முன்பே பினாங்கிலிருந்து விமானம் ஏறியிருக்கக்கூடும்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு

மலிவுக் கட்டண விமானங்களில், நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்களில், பெரும்பாலும் சாக்கெட்டே இருக்காது. சென்னைக்குப் போகும் நாலு மணி நேரத்துக்கு ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு ஏறுங்கள். கிடைத்தால் சந்தோஷம்.

இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் இரண்டு வகை இருக்கும். ஒன்று முன்னிருக்கைத் திரைக்குப் பக்கத்தில் உள்ள யுஎஸ்பி துளை. பழைய வகை என்றால் 2.5 வாட்டிலிருந்து 10 வாட் வரைதான் வரும். கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டே அதில் போட்டால் சார்ஜ் ஏறாது, இறங்காமல் நிற்கும். அவ்வளவுதான். படத்தை நிறுத்தி, விமானப் பயன்முறையில் போட்டுத் தூங்கினால் காலையில் நிறைந்திருக்கும். புதிய விமானங்களில் டைப்-சி வருகிறது. அதில் 60 வாட் வரைகூடத் தருகிறார்கள். மடிக்கணினிக்கே போதும்.

இன்னொன்று மூன்று கால் சாக்கெட். உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே, இருக்கையின் அடியில் ஒளிந்திருக்கும். குனிந்து கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரின் காலைத் தடவாமல் தப்பலாம். மூன்று இருக்கைக்கு இரண்டு சாக்கெட் என்பது வழக்கம். முதலில் உட்கார்ந்தவர் எடுத்துக்கொள்வார். கேட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள், யாரும் மறுப்பதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். ஏறும்போதும் இறங்கும்போதும் சில விமானங்களில் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் மடிக்கணினியையே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதால் அது பெரிய விஷயமில்லை.

அந்த சாக்கெட் எல்லா நாட்டு பிளக்கையும் ஏற்கும்படி செய்தது. எல்லாவற்றையும் ஏற்பது எதையும் இறுக்கிப் பிடிக்காது. நம் சதுரக் கால் பிளக் கனம் அதிகம். செருகிவிட்டு நிமிர்வதற்குள் தலையைத் தொங்கப் போட்டுக் கழன்றுவிடும். ஒருமுறை சென்னையிலிருந்து திரும்பும் இரவு விமானத்தில் பிளக் விழுவதும் நான் குனிவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் போர்வையைச் சுருட்டி அடியில் முட்டுக் கொடுத்தேன், நின்றது. இப்போது இரண்டு கால் மட்டும் உள்ள இலேசான சின்ன அடாப்டர் ஒன்றைச் சின்னப் பையிலேயே வைத்திருக்கிறேன். கனம் குறைவாக இருப்பதால் பிடித்து நிற்கிறது.

அடுத்தது வாட் பிரச்சினை. விமான சாக்கெட் வீட்டு சாக்கெட் மாதிரி இல்லை. ஒரு இருக்கைக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுகிறார்கள். பல இடங்களில் 75 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் இடையில்தான். 230 வாட் கேமிங் சார்ஜரைச் செருகினால் ஒரு நொடி பச்சை விளக்கு எரிந்து அணைந்துவிடும். சாக்கெட் கெட்டுவிட்டது என்று பலரும் பணியாளரைக் கூப்பிடுகிறார்கள். கெடவில்லை, தாங்காமல் தன்னைத் துண்டித்துக்கொண்டது. பிளக்கைக் கழற்றி ஒன்றிரண்டு நிமிஷம் விட்டுவிட்டு, 65 வாட் சார்ஜரைப் போடுங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் மடிக்கணினியை அணைத்துவிட்டுச் சார்ஜ் மட்டும் போடுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, மின்சேமிப்பில் போட்டால் மடிக்கணினி இழுப்பது நன்றாகக் குறையும்.

பவர் பேங்க் கூடாது என்று ஆன பிறகு நான் செய்வது இது: நிறைந்த மடிக்கணினியையே கைப்பேசிக்குச் சார்ஜராக்கிக்கொள்கிறேன். சாதாரண மடிக்கணினிக்குள் 50 வாட்-மணி பேட்டரி இருக்கிறது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசிக்கு 19தான். போகிற வழியில் வீணாவதைக் கழித்தாலும் இரண்டு முறை நிரப்பலாம். வேலை இல்லை என்றால் நீண்ட பயணத்தில் மடிக்கணினி அந்த ஒரு வேலையைச் செய்தாலே போதும். மடியில் வைத்து, கண்ணெதிரே செய்யுங்கள். பணியாளர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

சூடானால், கீழே விழுந்தால்

கைப்பேசி இருக்கை இடுக்கில் நழுவிவிட்டால் இருக்கையைச் சாய்க்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள், நீங்களே கையை விட்டுத் தோண்டாதீர்கள். இருக்கையின் இரும்புச் சட்டத்தில் கைப்பேசி நசுங்கினால் பேட்டரி பற்றிக்கொள்ளும். மணியை அழுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இதற்குப் பயிற்சி இருக்கிறது.

எந்தச் சாதனமாவது தொட முடியாத அளவு சுட்டால், உப்பினால், இனிப்பும் ரசாயனமும் கலந்த மாதிரி வாடை வந்தால், ஒயரைக் கழற்றிவிட்டு உடனே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாத ஒரே விஷயம் இது. வயிறு உப்பிய பழைய பவர் பேங்க் வீட்டில் இருந்தால் அது பயணத்துக்கு வரவே கூடாது. போர்வைக்கடியில், தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் வீட்டோடு விட்டுவிடுங்கள்.

இறங்கும்போது

கைப்பேசி 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது பவர் பேங்கை எடுத்துச் செருகலாம். இப்போது தடை இல்லை.

அக்கா மகள் 10,000இல் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஐம்பதாயிரம் பட்டர்வொர்த் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மின்சாரம் போனால் அக்கா அதில் இணைய மோடத்தை ஓட்டிச் சீரியல் பார்க்கிறார். மெல்பர்னில் இறங்கியதும் பிள்ளை கூப்பிட்டாள். கைப்பேசியில் 64 சதவீதம் இருந்ததாம், பெருமையாகச் சொன்னாள். சார்ஜர் கேபிளை மட்டும் முன்னிருக்கைப் பையிலேயே விட்டுவிட்டாள்.

எழுந்து நிற்குமுன் அந்தப் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவிப் பாருங்கள். என்னுடைய இரண்டு கேபிளும் ஒரு பவர் பேங்கும் இப்போது எந்த ஊரில் யார் கையில் இருக்கின்றனவோ.